யார் சொல்லி எடுத்த படம்?

(‘ரேவன்ஸ்’ திரைப்படம் திரையிடப்பட்ட பிறகு மாணவர்களும் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



படம் முடிஞ்சதும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, ஜப்பான்காரன் ஒருத்தன் குடிச்சு அழிஞ்ச கதை நமக்கு எதுக்கு?” நல்ல கேள்வி. கலைஞனின் துயரம் என்று எதைக் காட்டினாலும் கண்கலங்கிவிடுகிற பழக்கம் நமக்குள்ளும் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் உலுக்கிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டேன்.

முதலில் தகவல்கள். படம் வந்தது 2024இல். இயக்கியவர் மார்க் கில், ஆங்கிலேயர். படம் பேசுவது பெரும்பாலும் ஜப்பான் மொழி. மாசாஹிஸா ஃபுகாஸே என்கிற புகைப்படக்காரரின் வாழ்க்கைதான் கதை. தடானோபு அசானோ அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். மனைவி யோகோவாக குமி தகியுச்சி.

உண்மையான ஃபுகாஸே 1934இல் ஹொக்கைடோ தீவிலுள்ள பிஃபுகா என்கிற சிறிய ஊரில் பிறந்தவர். பனி கொட்டுகிற வடக்குச் சீமை. தாத்தா காலத்திலிருந்து குடும்பத்துக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. மூத்த பிள்ளை, கடையை அவர்தான் எடுத்து நடத்த வேண்டும். புகைப்படம் படிக்க டோக்கியோ போனவர் திரும்பி வந்து கடையில் உட்காரவில்லை. 1964இல் யோகோவைத் திருமணம் செய்தார். பத்துப் பன்னிரண்டு வருஷம் அவரைப் படம் எடுத்துத் தள்ளினார். 1976இல் யோகோ விவாகரத்து வாங்கிக்கொண்டு போனார். அதையொட்டித் தொடங்கியதுதான் காக்கைப் படங்கள். ரயிலில் சொந்தத் தீவுக்குப் போகிற வழியெல்லாம் காக்கைகளை எடுத்தார். 1986இல் அது புத்தகமானது. 2010இல் ஒரு பிரிட்டிஷ் புகைப்பட இதழ் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டின் மிகச் சிறந்த புகைப்பட நூல் எது என்று நிபுணர்களைக் கேட்டபோது இந்தப் புத்தகத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1992இல் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், வழக்கமாகக் குடிக்கிற பாரின் மாடிப்படியிலிருந்து விழுந்தார். மூளையில் அடி. அதற்குப் பிறகு இருபது வருஷம் உயிரோடு இருந்தார், ஆனால் கேமராவைத் தொடவில்லை. 2012இல் இறந்தார்.

இவ்வளவுதான் கதை. இதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கு.

படத்தில் ஒரு காக்கை வருகிறதே, ஆள் உயரத்துக்கு! ஃபுகாஸேயோடு இங்கிலீஷில் பேசுகிறது. அவர் ஜப்பான் மொழியில் பதில் சொல்கிறார். அந்தக் காக்கை வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. கலையைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை என்று அவரைத் தூண்டிக்கொண்டும் நக்கல் அடித்துக்கொண்டும் இருக்கிறது. ஃபுகாஸேயே, காக்கைத் தொடரை முடித்தபோது, தானே ஒரு காக்கை ஆகிவிட்டதாக எழுதிவைத்தவர். அதை இயக்குநர் பிடித்துக்கொண்டார். சினிமா என்ற முறையில் நல்ல உத்திதான், நான் ரசித்தேன்.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஜப்பான் மொழியில் ‘கராஸு’ என்கிற ஒரே சொல், நம்ம ஊர் காக்கை மாதிரி, சாதாரணக் காக்கை, அண்டங்காக்கை எல்லாவற்றையும் குறிக்கும். தெருவில் குப்பையைக் கிளறுகிற பறவை. இங்கிலீஷுக்குப் போனபோது அது ‘ரேவன்’ ஆகிவிட்டது. அந்தச் சொல்லோடு அவர்களுடைய இலக்கியத்தின் சாவு, சகுனம், பைத்தியம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தெருக் காக்கை இருண்ட மேதைமையின் சின்னமாகப் பதவி உயர்வு பெறுகிறது. இந்தப் படமும் அந்தப் பதவி உயர்வின் தொடர்ச்சிதான்.

என் கேள்வி இது: இந்தப் படத்தில் யாருக்குக் காக்கை இருக்கிறது? ஒருத்தருக்குத்தான். அவருடைய உள்வேதனைக்கு உடம்பு கிடைக்கிறது, இறக்கை கிடைக்கிறது, ஒரு குரல் கிடைக்கிறது, அதுவும் உலகத்துக்கே புரிகிற இங்கிலீஷில். அவருடைய லென்ஸுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அப்படி ஒரு பறவை இல்லை. அவர்கள் மனசுக்குள் என்ன ஓடியது என்று சொல்ல எதுவும் பறந்து வரவில்லை. கலைஞன் கஷ்டப்பட்டான், அதனால் மற்றவர்களையும் கஷ்டப்படுத்தினான், அதிலிருந்து மகத்தான கலை பிறந்தது: இந்தக் கதையாடலை வான்கா காலத்திலிருந்து கேட்டுவருகிறோம். இதில் கணக்கு எப்போதும் கலைஞன் பெயரில்தான் எழுதப்படுகிறது. நான் பேங்க்கில் குமாஸ்தா. பற்று ஒருத்தர் பெயரிலும் வரவு இன்னொருத்தர் பெயரிலும் ஏறினால் எனக்கு உறுத்தும்.

மூன்று பேரைப் பற்றிப் பேசப் போகிறேன். அப்பா, மனைவி, மூன்றாவது பேர் தெரியாத ஆட்கள்.

அப்பாவின் பெயர் சுகெஸோ. படத்தில் அவர்தான் வில்லன். மகனை நசுக்குகிற, குடிக்கிற, கலை தெரியாத கடைக்காரர். அப்பாக்களின் அடியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அந்தக் கடையைப் பற்றி மட்டும் யோசித்துப் பாருங்க. ஒரு சிறிய ஊரின் ஸ்டுடியோ என்பது என்ன? கல்யாணம் ஆன ஜோடி வரும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வரும். பட்டாளத்துக்குப் போகிறவன் வருவான். அவர்கள் தங்கள் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, காசு கொடுத்து, “எங்களை இப்படி எடு” என்று உட்காருகிறார்கள். படம் சரியில்லை என்றால் சண்டை போடுகிறார்கள். சரியாக இருந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டுகிறார்கள். அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்தவர். எடுத்தவர் கூலிக்காரர். அவர் பெயர் அட்டையின் மூலையில் சின்னதாக அச்சாகியிருக்கும், அவ்வளவுதான்.

இதைக் கலை விமர்சகர்கள் கைத்தொழில் என்று ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கவுண்ட்டருக்கு வருகிற சனங்களைப் பார்க்கிறேன். இறந்துபோன புருஷன் கணக்கிலிருக்கிற பணத்தை வாங்க வருகிற அம்மா, பாரத்தோடு ஒரு போட்டோவையும் எடுத்து நீட்டுவார். நாங்கள் கேட்பது அவருடைய போட்டோவைத்தான். “அவரோட போட்டோ வேணாம்மா” என்று சொன்னாலும், “இருக்கட்டும், பாத்துக்குங்க சார்” என்பார். ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து கத்தரித்த முகமாக இருக்கும். தோளில் வேறு யாரோ போட்ட கை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மனுஷன் இருந்தான் என்பதற்கு அந்த வீட்டில் இருக்கிற சாட்சி அது. நம்ம சேரி வீடுகளில் பாபாசாகேப் கோட்டு சூட்டோடு நிற்கிற படத்தை ஏன் மாட்டுகிறோம்? அவர் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று அவரே முடிவு பண்ணி நின்ற படம் அது. எப்படி நிற்பது என்கிற உரிமை படத்தில் இருப்பவருக்கு இருந்தது. சுகெஸோவின் கடையில் பிஃபுகா ஊர்க்காரர்களுக்கு இருந்ததும் அதே உரிமைதான்.

மகன் இதைத் தலைகீழாக்கினார். எப்படி நிற்பது, எப்போது எடுப்பது, எதைக் காட்டுவது எல்லாம் எடுக்கிறவர் முடிவு. படமும் அவருடையது, புகழும் அவருடையது. இதற்குப் பெயர் கலை. திரைப்படம் இந்த மாற்றத்தை விடுதலை என்று காட்டுகிறது. ஓர் ஆளுக்கு விடுதலைதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு?

இங்கேதான் யோகோ வருகிறார்.

1973இல் ஃபுகாஸே ஒரு தொடர் எடுத்தார். அவர்கள் குடியிருந்தது டோக்கியோவுக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில். யோகோ ஒரு கலைக்கூடத்தில் வேலை பார்த்தார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கிப் போகிறபோது, மாடி ஜன்னலிலிருந்து இவர் தூரப் பார்வை லென்ஸ் வைத்து எடுப்பார். ஒரு நாள் குடை, ஒரு நாள் கிமோனோ, ஒரு நாள் சிரிப்பு, ஒரு நாள் நாக்கைத் துருத்துவது, ஒரு நாள் முறைப்பு. உலகப் புகழ் பெற்ற படங்கள். உயிரோட்டமான படங்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. எடுத்தவர் மேலே, ஜன்னலுக்குப் பின்னால். எடுக்கப்பட்டவர் கீழே, தெருவில், வேலைக்கு நேரமாகிற அவசரத்தில். அப்படியும் அந்தப் படங்களில் ஜெயிப்பது யோகோதான் என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு நாளும் எப்படி நிற்பது என்று அவர்தான் முடிவு செய்கிறார். சுகெஸோவின் கடைக்கு வந்த வாடிக்கையாளர் மாதிரி, தன் படத்தைத் தானே ஆர்டர் கொடுக்கிறார். தொடரின் பலமே அதுதான். ஆனால் புத்தகங்களில் அவரை ஃபுகாஸேயின் ‘தூண்டுதல்’ என்று எழுதுகிறார்கள். கலைஞனைத் தூண்டுவதுதான் அவர் வேலை என்பதுபோல.

அதே 1973இல் யோகோ ஒரு புகைப்பட இதழில் கட்டுரை எழுதினார். புருஷனைத் திருத்தவே முடியாத சுயநலக்காரர் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். சாரம் இது: இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததில் இவர் என்னை லென்ஸ் வழியாக மட்டுமே பார்த்தார், என்னை எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் இருப்பது இவரேதான். அடுத்த வருஷம், 1974இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜப்பானியப் புகைப்படக்காரர்கள் பதினைந்து பேரின் கண்காட்சி நடந்தது. அதில் ஃபுகாஸே ஒருவர். சுவரில் யோகோ இருந்தார். உலகம் யோகோவைப் பார்த்தது. வீட்டில் இருந்தவர் பார்க்கவில்லை என்று அவர் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் விவாகரத்து.

தோழர்களே, இந்தக் கட்டுரையை ஒரு கோட்பாடாகவே எடுத்துக்கொள்ளலாம். கேமரா ஒருத்தர் மேல் திரும்பியிருக்கிறது என்பதாலேயே அவர் பார்க்கப்படுகிறார் என்று அர்த்தமில்லை. பத்து வருஷம் எடுத்தும் பார்க்காமல் இருக்க முடியும். இதை எந்தப் பேராசிரியரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, எடுக்கப்பட்டவள் சொன்னாள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: திரைப்படம் யோகோவை மழுப்பவில்லை. தகியுச்சியின் நடிப்பில் ஒரு கோபம் இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, சலிப்பு இருக்கிறது. பல காட்சிகளில் அசானோவை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார். ஆனால் அவர் போன பிறகு படம் யாரோடு தங்குகிறது? யோகோ கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனால், கேமரா அவர் பின்னால் போவதில்லை. உள்ளே அழுகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. யோகோவுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. அது கதைக்கு வெளியே. காக்கை இருக்கிறவரின் கதையைத்தான் சினிமா சொல்லும்.

இது ஒரு ஆள் சமாச்சாரம் மட்டும் இல்லை. அன்றைய ஜப்பானில் தன் வாழ்க்கையையே, தன் படுக்கையறையையே எடுப்பது ஒரு போக்காக இருந்தது. ‘நான்-புகைப்படம்’ என்பார்கள். ‘நான்-நாவல்’ என்கிற அவர்களுடைய இலக்கிய மரபிலிருந்து வந்த பெயர். 1971இல் நொபுயோஷி அராக்கி தன் தேனிலவையே புத்தகமாகப் போட்டார். அந்த அராக்கிக்குப் பதினைந்து வருஷம் போல மாடலாக இருந்த காவோரி என்கிற நடனக்காரர் 2018இல் வெளிப்படையாக எழுதினார்: ஒப்பந்தம் என்று ஒரு காகிதம்கூட இல்லை, உழைப்புக்கு ஒழுங்கான கூலி இல்லை, தன்னைக் கேட்காமலே படங்கள் விற்கப்பட்டன என்று. ‘நான்’ என்று பெயர் வைத்த கலையில் எதிரே நிற்கிற இன்னொரு ‘நான்’ எவ்வளவு சுலபமாகக் காணாமல் போகிறது பாருங்க.

இப்போது மூன்றாவது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஃபுகாஸே பெயர் வாங்கியது 1961இல் டோக்கியோவில் நடந்த ஒரு கண்காட்சியில். தலைப்பு ‘பன்றியைக் கொல்’. டோக்கியோவின் ஷிபாவுரா அறுப்புக்கூடத்துக்குப் போய் எடுத்த படங்கள். நம்ம ஊரில் ஆடுதொட்டி என்போமே, அதன் பெரிய வடிவம். பன்றி, ரத்தம், கொக்கி. அதோடு கர்ப்பிணியாயிருந்த அன்றைய துணைவியின் படங்களையும், இறந்து பிறந்த குழந்தையின் படத்தையும் சேர்த்து வைத்தார். 1963இல் யோகோவையும் அதே இடத்துக்குக் கூட்டிப்போனார். கறுப்பு அங்கியைப் போர்த்தி ரத்தத் தரையில் நிற்கவைத்து, ஆடவைத்து எடுத்தார். பிறப்பு, சாவு, உடல் என்று அந்தப் படங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் தேடிப் படித்தவரையில் எல்லாரும் பேசுவது பன்றியைப் பற்றி, ரத்தத்தைப் பற்றி, ஃபுகாஸேயின் மனசைப் பற்றி. அந்தத் தரையில் தினமும் காலையில் வந்து நின்று வேலை பார்த்தவர்கள் யார்?

இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு விடை தெரியும். ஜப்பானில் அறுப்பு, தோல், பிணம் சம்பந்தமான வேலைகளைத் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டினார்கள்? ‘அழுக்கு நிறைந்தவர்’ என்று எழுதப்பட்ட எழுத்துகளாலேயே குறிக்கப்பட்ட சனங்கள். புராக்கு மக்கள் என்று இன்று சொல்கிறோம். அதே இனம், அதே மொழி, அதே முகம், ஆனால் தீட்டு. 1871இல் அரசாங்கம் இழிபெயரை ரத்து செய்து ஆணை போட்டது. உடனே ‘புதுக் குடிமக்கள்’ என்று அடையாளம் வைத்தார்கள். பழைய தீட்டு புதுப் பெயரில் தொடர்ந்தது. 1922 மார்ச் 3ஆம் தேதி கியோட்டோவில் அவர்களே கூடி சூயிஹேய்ஷா என்கிற சமமட்ட இயக்கத்தைத் தொடங்கினார்கள். யாருடைய இரக்கமும் வேண்டாம், எங்கள் விடுதலையை நாங்களே நடத்துகிறோம் என்பதுதான் அதன் அடிநாதம். அதன் வழிவந்த புராக்கு விடுதலைக் கழகத்தின் முன்முயற்சியில் 1988இல் உருவான பாகுபாட்டு எதிர்ப்பு உலக அமைப்பு, தலித் இயக்கங்களோடு கைகோத்து வேலை செய்தது. அதனால் இது தூரத்துக் கதை இல்லை.

ஷிபாவுராவில் வேலை பார்க்கிற எல்லாரும் அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அல்ல. ஆனால் வேலையோடு இழிவும் ஒட்டிக்கொள்கிறது. அந்த இறைச்சிச் சந்தைக்கு வசவுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. தொழிலாளர்களைக் கொலைகாரர்கள் என்றும் மனுஷரே அல்ல என்றும் எழுதிய கடிதங்கள். அந்தச் சந்தைக்குள்ளேயே இருக்கிற தகவல் கூடத்தில் அந்தக் கடிதங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வசவை ஒளித்துவைக்காமல், “நீங்கள் எழுதியது இதுதான், வந்து பாருங்கள்” என்று சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஃபுகாஸேயின் கண்காட்சியைவிட அந்தச் சுவர் எனக்குப் பெரிய கண்காட்சி.

அப்படியானால் ஃபுகாஸே அந்தத் தொழிலாளர்களின் முகங்களை எடுத்துக் காட்டியிருக்க வேண்டும் என்கிறேனா? அவசரப்பட்டு ‘ஆமாம்’ என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்க. 1975இல் ஜப்பானில் ஒரு விவகாரம் வெடித்தது. புராக்கு ஊர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் போட்ட புத்தகத்தை ரகசியமாக அச்சடித்துக் கம்பெனிகளுக்கு விற்றிருந்தார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிறவன் எந்த ஊர் என்று பார்த்துக் கழித்துவிடலாம். நம் காலத்தில் அதே பட்டியல் இணையத்துக்கு வந்தது. புராக்குப் பகுதிகளைத் தேடிப்போய் வீடியோ எடுத்துப் போடுவதும் நடந்தது. அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். 2023இல் டோக்கியோ உயர் நீதிமன்றம், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கிற உரிமை மனுஷருக்கு உண்டு என்று சொல்லி, பட்டியலுக்குத் தடை போட்டது. அங்கே ஒரு தெருவைப் படம் எடுப்பதே ஒருத்தனின் வேலையைப் பறிக்கும், ஒருத்தியின் கல்யாணத்தை நிறுத்தும். காட்டாமல் விடுவதும் அநியாயம், காட்டுவதும் அநியாயம். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது?

சுகெஸோவின் கடைக்குத் திரும்புவோம். அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஏனென்றால் அங்கே படம் யார் சொல்லி எடுக்கப்படுகிறது என்பதில் குழப்பம் இல்லை. காட்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்கிறவர் படத்தில் இருக்கிறவர். எடுக்கிறவரின் திறமை, நேர்மை, இரக்கம், கண்ணீர் இவையெல்லாம் அதற்குப் பிறகுதான். எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறாய் என்பதைவிட யார் சொல்லிப் பார்க்கிறாய் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இப்படிச் சொன்னதால் ஃபுகாஸேயைத் தூக்கிப் போடுங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காக்கைப் படங்களைத் தேடிப் பாருங்க. அங்கே அவருக்கு முன்னால் இருப்பவை பெரும்பாலும் பறவைகள்தான். மனைவி போய்விட்டார். பறவைகள் இவரைக் கண்டுகொள்ளவே இல்லை. இருட்டில், பனியில், மின்கம்பியில், மரத்தில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன, கண் மட்டும் மின்னுகிறது. தனக்குக் கட்டுப்படாத ஒன்றை எடுக்கிறார். யாரிடமும் கடன் வாங்காமல் தன் துயரத்தைத் தானே சுமக்கிறார். அந்தப் புத்தகத்தின் கனம் அதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1971 முதல் பிஃபுகா ஸ்டுடியோவுக்கு அவ்வப்போது போய், கடையின் பழைய பெரிய கேமராவிலேயே குடும்பத்தை நிற்கவைத்து எடுத்தார். அப்பா, அம்மா, தம்பி குடும்பம், பிள்ளைகள். நடுவில் யோகோவோ வேறொரு பெண்ணோ அரைகுறை உடையில் நிற்பார். ஸ்டுடியோ படத்தைக் கிண்டல் பண்ணுகிற வேலை அது. வருஷங்கள் போகப் போக கிண்டல் வடிந்துவிடுகிறது. அப்பா மெலிகிறார். 1987இல் இறக்கிறார். அதற்குப் பிறகான குடும்பப் படத்தில் அவருடைய இடத்தில் அவருடைய போட்டோவை வைத்து எடுக்கிறார்கள். நம்ம வீடுகளில் செய்வது மாதிரியேதான். கலையைத் தேடி ஓடிய மகன் கடைசியில் வந்து நிற்பது கடைக்காரர் செய்த வேலையில். 1989இல் ஸ்டுடியோ நொடித்து மூடப்பட்டது. 1991இல் அந்தப் படங்கள் ‘குடும்பம்’ என்று புத்தகமாயின. வில்லன் அப்பா, மேதை மகன் என்கிற திரைக்கதைக்கு இந்தப் புத்தகமே பதில் சொல்லிவிடுகிறது.

விழுந்த பிறகான இருபது வருஷம். யோகோ வேறு திருமணம் செய்துகொண்டவர். அப்படியும் அவரைப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவந்தார். கண்ணுக்கு முன்னால் கேமரா இல்லாவிட்டால் அவரால் எதையும் பார்க்க முடியாது என்கிற பொருளில் யோகோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். காதல் என்று இதை உருகி எழுதுகிறார்கள். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. பார்க்கத் தெரியாதவரை, பார்க்கப்படாதவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அவர் கையில் கேமரா இல்லை. அந்தச் சந்திப்புகளுக்கு எந்தப் பரிசும் கிடையாது, எந்தக் கண்காட்சியும் கிடையாது. பார்ப்பது என்பது அதுதான்.

கடைசியாக நம்ம விஷயம். இன்றைக்கு எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. ஊரில் ஒரு கொடுமை நடந்தால் நாம் போவதற்கு முன்னாலேயே படங்கள் போய்விடுகின்றன. நம்ம சனங்களின் உடல், பெரும்பாலும் செத்த உடல், எரிந்த குடிசை, மாரில் அடித்துக்கொள்கிற தாய். சாட்சிக்கு அவை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நினைத்துப் பாருங்க: அந்தத் தாய் சிரித்து நின்ற படம் எத்தனை பேரிடம் இருக்கிறது? கவிதைக்கும் இதே கதிதான். என்னிடம் கவிதை கேட்கிற பத்திரிகைக்காரர்கள் “உங்க அனுபவத்தை எழுதுங்க” என்பார்கள். அனுபவம் என்றால் வலி என்று அர்த்தம். என் அம்மா நன்றாகப் பாடுவார், ரம்மி விளையாட்டில் ஏமாற்றுவார். அதை எழுதிக் கொடுத்தால், “கொஞ்சம் அழுத்தமா வேணும்” என்கிறார்கள். வேதனைக்கு மட்டும் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தைக்கு நாமே சரக்கு ஏற்றக் கூடாது. தலித் எடுத்தால் தலித்தைச் சரியாகவே பார்ப்பான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. யோகோவைப் பார்க்காதவர் வெளியாள் இல்லையே, கட்டிய புருஷன்.

ஆகவே படம் எடுக்கிற, எழுதுகிற தோழர்களுக்கு மூன்று கேள்விகளை வைக்கிறேன். இந்தப் படம் யார் சொல்லி எடுத்தது? எடுத்த பிறகு அவருக்கு ஒரு பிரதி போய்ச் சேர்ந்ததா? “இது நான் இல்லை” என்று அவர் சொன்னால், கிழித்துப் போடத் தயாரா? மூன்றாவதுதான் கஷ்டமானது. எந்தக் காக்கை வந்து காதில் ஓதினாலும் அங்கே நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் நம்ம அழகியல் இருக்கிறது.

மறுப்பு இருந்தால் சொல்லுங்க. காக்கைப் படங்களுக்கு நான் கொடுத்த இடம் அதிகம் என்று சிலருக்குத் தோன்றலாம், அப்பாவுக்குக் கொடுத்தது அதிகம் என்று வேறு சிலருக்குத் தோன்றலாம். பேசுவோம்.